அழித்த நாடாவும் பிழைத்த கதையும்

சிலேட்டில் கணக்குப் போடுகிறோம். விடை வந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதுகிறோம். துடைத்துப் போன கணக்கை நினைத்து எந்த மாணவனும் அழுததில்லை. சிலேட்டு என்பதே துடைப்பதற்காக ஏற்பட்டது. ஆனால், ஒரு தேசத்தின் மிகப் பெரிய டெலிவிஷன் ஸ்தாபனம், தான் சிரமப்பட்டுத் தயாரித்த நாடகங்களைச் சிலேட்டுக் கணக்கைப் போலத் துடைத்துத் தள்ளிவிட்டு, பிறகு அவற்றையே கடையில் வைத்து விற்பதற்காக ஹாங்காங்கிலும் ஆப்பிரிக்காவிலும் தேட வேண்டிய நிலைக்கு வந்ததென்றால், நேயர்கள் அதைக் கட்டுக்கதை என்றே எண்ணுவார்கள். கட்டுக்கதையல்ல, இங்கிலாந்தில் நடந்த சமாசாரம். ஸ்தாபனத்தின் பெயர் பி.பி.சி. துடைக்கப்பட்டது 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர்.

தொடரை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டாக்டர் என்பவர் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவர். அக்காலத்து லண்டன் தெருக்களில் போலீஸாருக்காக டெலிபோன் வைத்து நிறுத்தியிருந்தார்களே ஒரு நீல நிறப் பெட்டி, அதைப் போன்ற ஒரு வாகனத்தில் அவர் பயணம் செய்வார். வெளியிலிருந்து பார்த்தால் நாலு பேர் நெருக்கியடித்து நிற்கத்தான் இடம். உள்ளே போனாலோ ஒரு மாளிகை! அந்தப் பெட்டி காலத்தையும் கடக்கும், ஆகாயத்தையும் கடக்கும். 1963-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி சனிக்கிழமை மாலை முதல் அத்தியாயம் ஒளிபரப்பாயிற்று. முதல் நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துயரச் செய்தியில் மூழ்கியிருந்த ஜனங்களுக்காக, மறுவாரம் அதே அத்தியாயத்தை மறுபடியும் காட்டிவிட்டு, பின்னரே இரண்டாவதைக் காட்டினார்கள். இப்படி அபசகுனத்தோடு ஆரம்பித்த தொடர் 1989 வரையில் ஓடியது. 2005-ல் மறுபிறவியும் எடுத்தது. அந்த முதற்கதையை டைரக்ட் செய்தவர் வாரிஸ் ஹுசேன். நமது லக்னோ நகரிலே 1938-ல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 24.

இத்தகைய நாடகத்தை எதற்காகத் துடைத்தார்கள்? மூடத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், அக்காலத்தவருக்கு அவரவர் வகையில் நியாயம் இருந்தது. வீடியோ நாடா அப்போது 2 அங்குல அகலமுள்ளது. விலையோ மிக அதிகம். துடைத்துவிட்டு மறுபடி பதியலாம் என்பதே அதன் பெருமை. பிலிமில் எடுத்தால் எடுத்ததுதான். நாடாவை மீண்டும் மீண்டும் உபயோகிக்கலாம். மேலும், நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒரு நாடகத்தை இஷ்டம்போல் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப முடியாது. வீட்டிலே வைத்துப் பார்க்கும் யந்திரம் ஜனங்களிடம் கிடையாது. இதற்கிடையில் வர்ண டெலிவிஷனும் வந்து சேர்ந்தது. கறுப்பு-வெள்ளைப் பழங்கதையை இனி யார் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே, 1960-களின் பிற்பகுதியிலிருந்து நாடாக்கள் ஒவ்வொன்றாகத் துடைக்கப்பட்டன. 1960-களில் ஒளிபரப்பான 253 அத்தியாயங்களுக்குரிய மூல வீடியோ நாடாக்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பின் எதுதான் மிஞ்சிற்று? வெளிநாடுகளுக்கு விற்பதற்காக, விசேஷமான திரையொன்றில் நாடகத்தை ஓடவிட்டு, அதன் எதிரே பிலிம் காமிராவை வைத்து 16 மில்லிமீட்டர் பிலிமில் பிரதி எடுத்திருந்தார்கள். இந்தப் பிரதிகள் வியாபார இலாகாவின் வசம் இருந்தன. நாடாவைத் துடைத்தவர்கள், "பிலிம்தான் வியாபார இலாகாவில் இருக்கிறதே!" என்று எண்ணினார்கள். வெளிநாட்டு விற்பனைக்குரிய உரிமைக் காலம் தீர்ந்ததும் பிலிமைக் குப்பைக்கு அனுப்பிய வியாபார இலாகாவோ, "மூல நாடா அங்கே பத்திரமாய் இருக்குமே!" என்று எண்ணிற்று. அடுப்பிலே பால் பொங்குகிறது; மற்றவள் இறக்குவாள் என்று இரண்டு ஓரகத்திகளும் வாசலில் நின்று ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தால் பாலின் கதி என்ன? அந்தக் கதிதான் டாக்டருக்கும் நேர்ந்தது. 1978-ல்தான் சிலர் விழித்துக்கொண்டு இந்தச் சம்ஹாரத்தை நிறுத்தினார்கள்.

அதற்குள் வேறொரு மாறுதல் நிகழ்ந்து கொண்டிருந்தது. வீடியோ யந்திரம் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழையத் தொடங்கியது. 1983-ல் தொடருக்கு இருபது வயது. லாங்லீட் என்ற பிரபு மாளிகையில் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிப் பெரிய விழா நடத்தினார்கள். வீட்டு வீடியோவாக முதலில் எந்தக் கதையை வெளியிடலாம் என்று ரசிகர்களைக் கேட்டதற்கு, அவர்கள் 1967-ல் வந்த 'டூம் ஆஃப் த சைபர்மென்' வேண்டுமென்றார்களாம். நல்ல தேர்வுதான். அந்தக் கதையின் ஒரு சுருள்கூட அப்போது பி.பி.சி.யிடம் இல்லை என்பதொன்றே குறை! ஆகவே, அதே யந்திர மனிதர்கள் வரும் வேறொரு கதையான 'ரிவெஞ்ச் ஆஃப் த சைபர்மென்' அவ்வருஷம் அக்டோபரில் நாடாவாக வெளிவந்தது. விலை ஏறக்குறைய 40 பவுன். சாமானியக் குடும்பம் யோசித்து யோசித்துத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

வாங்கியவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருந்தது. நாலு அத்தியாயங்களையும் ஒட்டி ஒரே சினிமாப் படம்போல் ஆக்கியிருந்தார்கள். ஒவ்வோர் அத்தியாயமும் கதாநாயகரை ஆபத்தில் தொங்கவிட்டு முடியும். அடுத்த சனிக்கிழமை வரையில் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. அந்தத் தொங்கலையே வெட்டியெறிந்துவிட்டார்கள். 1984-ல் வந்த 'த பிரெயின் ஆஃப் மார்பியஸ்' கதைக்கு நேர்ந்தது இன்னும் மோசம். நாலு அத்தியாயம் ஒரு மணி நேரமாய்ச் சுருங்கிற்று. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்கும் நமது நேயர்களுக்கு இது எவ்வளவு பெரிய அபசாரம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 'தொடரும்' என்ற வார்த்தை இல்லாத தொடர்கதை, உப்பில்லாத ரசம். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கடிதமாக எழுதித் தள்ளினார்கள். பின்னால் வந்த நாடாக்களில் அத்தியாயங்கள் முழுமையாக, முன்பின் எழுத்துக்களோடு இடம்பெறத் தொடங்கின.

வீட்டு வீடியோ விற்பனையின் பயன் இங்கேதான் தெரிகிறது. பழைய நாடகத்துக்கு விலை உண்டு என்று ஏற்பட்ட பிறகுதான், காணாமற்போன நாடகத்தைத் தேடுவதற்கும் அர்த்தம் உண்டாயிற்று. எங்கெங்கெல்லாம் பிலிம் போயிற்று என்று பழைய விற்பனைக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஹாங்காங், சைப்ரஸ், நைஜீரியா என்று அந்தப் பிலிம் சுருள்கள் யாத்திரை செய்திருந்தன. ஒரு நாட்டில் காட்டி முடிந்ததும் அடுத்த நாட்டுக்கு அனுப்புவது வழக்கம். எங்கோ ஓரிடத்தில் அனுப்ப மறந்து மூலையில் போட்டிருந்தால் அதுவே பாக்கியம். குமாஸ்தாவின் சோம்பல் கலைக்குத் துணை செய்தது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறோம்.

ரசிகர்கள் முதன்முதலில் ஆசைப்பட்டுக் கேட்ட 'டூம் ஆஃப் த சைபர்மென்' 1991-ம் வருஷக் கடைசியில் ஹாங்காங்கில் அகப்பட்டது. நாலு அத்தியாயங்களும் முழுசாக! லண்டனுக்கு வந்து சேர்ந்ததும், 1992 மே மாதத்திலேயே நாடாவாகக் கடைக்கு வந்துவிட்டது. இரண்டு அத்தியாயங்கள் 1983-ல் லண்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்தின் நிலவறையிலிருந்து கிடைத்தன. அவை அங்கே எப்படிப் போயின என்பதற்கு டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய புதையல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டெலிவிஷன் நிலையத்தில் இருந்தது. பிலிப் மாரிஸ் என்பவர் கண்டெடுத்து வந்த அந்தச் சுருள்களில், வேறெங்கும் இல்லாத 9 அத்தியாயங்கள் இருந்தன. 2013 அக்டோபரில் அவை வெளியிடப்பட்டன. அதுவரையில் 106 ஆக இருந்த இழப்புக் கணக்கு அத்துடன் 97 ஆகக் குறைந்தது.

ஆஸ்திரேலியத் தணிக்கையாளரின் கதையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அவர்கள் 1960-களில் பல காட்சிகளைக் கத்தரித்தார்கள். கத்தரித்த துண்டுகளைச் சர்க்கார் பைலில் அத்தாட்சியாகச் சேர்த்து வைத்தார்கள். முழு அத்தியாயங்கள் உலகெங்கும் அழிந்து போயின. 1996-ல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தைத் துழாவிய இருவர் அந்தத் துண்டுகளைக் கண்டார்கள். ஆகவே, சில அத்தியாயங்களில் கழுத்தை நெரிக்கிற கட்டமும், அலறுகிற கட்டமும், இன்னும் இவை போன்றவையும் மட்டும் பிழைத்திருக்கின்றன. சாதுவாக உட்கார்ந்து பேசுகிற கட்டமெல்லாம் போய்விட்டது. எதைக் குழந்தைகள் பார்க்கக் கூடாதென்று வெட்டினார்களோ, அதை மட்டுந்தான் அவர்களுடைய பேரக் குழந்தைகள் பார்க்க முடிகிறது!

வீட்டார் வைத்த வைப்பு நிதி

இனிச் சொல்லப் போவதுதான் நமக்கு இந்த விருத்தாந்தம் முழுவதிலும் பெரிய ஆச்சரியம்.

படம் போயிற்றே தவிர, சப்தம் போகவில்லை. 97 அத்தியாயங்களுக்கும் ஒன்று பாக்கியில்லாமல் ஒலிப்பதிவு இருக்கிறது. அதைக் காப்பாற்றியது பி.பி.சி. அல்ல, பள்ளிக்கூடப் பையன்கள். 1960-களில் சில வீடுகளில் டேப் ரிகார்டர் வாங்கியிருந்தார்கள். படத்தைப் பிடிக்க வழியில்லை. குரலையாவது பிடிப்போம் என்று, பையன்கள் டெலிவிஷன் பெட்டியின் ஒலிபெருக்கி எதிரே மைக்கை வைத்துக் கொண்டு, சனிக்கிழமை தோறும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவ்விதம் பதிந்ததில் சில வீடுகளில் கதவு சாத்தும் சப்தமும், யாரோ இருமும் சப்தமும்கூடச் சேர்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. கெட்டிக்காரப் பையன் ஒருவன் கம்பியை நேராகப் பெட்டிக்குள்ளேயே இணைத்து, தெளிவான பதிவு எடுத்திருந்தான். அப்பையன்கள் வளர்ந்து ஆளாகி, அந்த நாடாக்களைப் பரண்மேலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். பி.பி.சி. அவற்றைச் சுத்தம் செய்து ஒலித்தட்டுகளாக வெளியிட்டது.

உருவத்துக்கும் ஒரு வழி இருந்தது. ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர், டெலிவிஷன் திரையையே நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாகப் படம் பிடித்து, நாடகம் தயாரித்தவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் விற்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். 1969-ல் அவர் காலமானார். அவர் எடுத்த சிறு படங்களை வரிசையாக அடுக்கி, பையன்கள் பிடித்த குரலோடு சேர்த்தால், அழிந்த நாடகம் பாதி உயிர் பெற்றுவிடுகிறது. வாரிஸ் ஹுசேனின் 'மார்க்கோ போலோ' என்ற 1964-ம் வருஷத்துக் கதையின் 7 அத்தியாயங்களும் அந்த 97-க்குள் அடக்கம்; சீனத்துச் சக்கரவர்த்தி குப்ளாய் கானின் சபையையும், அந்த அரங்க அமைப்பின் அழகையும் ஊகித்துக் கொள்ள, கியூராவின் படங்கள்தாம் பெரிய துணை.

வர்ணம் மீண்ட கதை இதனினும் விந்தை. 1970-களின் தொடக்கத்தில் வர்ணத்தில் எடுத்த சில கதைகளுக்குக் கறுப்பு-வெள்ளைப் பிலிமே எஞ்சியிருந்தது. அவற்றில் ஒன்று 1971-ல் வந்த 'த டேமன்ஸ்.' அமெரிக்காவில் அது வர்ணத்தில் ஒளிபரப்பானபோது, ஒரு ரசிகர் தம் வீட்டு யந்திரத்தில் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பதிவு மங்கல். ஆனால் வர்ணம் உண்டு. லண்டன் பிலிம் தெளிவு; ஆனால் வர்ணம் இல்லை. 1992-ல் சில நிபுணர்கள் கூடி, பிலிமிலிருந்து கூர்மையையும் வீட்டு நாடாவிலிருந்து நிறத்தையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். ஓவியர் கோடு போட்ட கோலத்துக்கு வேறொருவர் செம்மண் இட்டது போல் அமைந்தது. அவ்வருஷமே ஒளிபரப்பி, மறு வருஷம் நாடாவாகவும் கொண்டுவந்தார்கள்.

வீட்டு நாடாவும் கிடைக்காத கதைகளுக்கு என்ன செய்வது? பிலிம் பிரதி எடுத்த நாளில், வர்ணச் செய்தியை வடிகட்டாமல் விட்டுவிட்டால், அது திரையில் மிக நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளும் பிலிமில் பதிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் அழுக்கு. பல வருஷங்களுக்குப் பிறகு, அந்த அழுக்குக்குள் வர்ணமே ஒளிந்திருக்கிறது என்று இன்ஜினீயர்கள் கண்டுகொண்டார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டு புள்ளிகளைப் படித்து, எந்த இடத்தில் சிவப்பு, எந்த இடத்தில் பச்சை என்று மீட்டார்கள். 2013-ல் டி.வி.டி.யாக வந்த 'த மைண்ட் ஆஃப் ஈவில்' கதையின் ஐந்து அத்தியாயங்கள் இவ்விதம் வர்ணம் பெற்றன. முதல் அத்தியாயத்தின் பிலிமில் மட்டும் புள்ளிகள் இல்லை. ஒரு கலைஞர் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக் கொடுத்தார்.

ஆனால், செய்ததெல்லாம் நமக்குச் சம்மதம் என்று சொல்வதற்கில்லை. இழந்த அத்தியாயங்களுக்குச் சித்திரப் படம் வரைந்து, பழைய குரலோடு இணைத்து வெளியிடும் வழக்கம் 2006-ல் 'த இன்வேஷன்' கதையிலிருந்து தொடங்கியது. 2016-ல் 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையின் ஆறு அத்தியாயங்களையும் அவ்வாறு வரைந்தார்கள். முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் விலகி, பாட்ரிக் டிரௌட்டன் டாக்டராய் வந்த முதற்கதை அது. டிரௌட்டனின் சாமர்த்தியமெல்லாம் முகத்திலே இருந்தது. புருவத்தை ஒரு நெளிப்பு நெளித்தால் நாலு வரி வசனத்துக்குச் சமானம். சித்திரக்காரர் எவ்வளவு முயன்றாலும் அந்தப் புருவம் அகப்படுமா? கியூராவின் அசையாப் படங்களையும் குரலையுமே நாம் விரும்புவோம். குழந்தைகள் சித்திரத்தைத்தான் கேட்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

மற்றொரு மனக்குறை பணத்தைப் பற்றியது. ஒரு குடும்பத்தார் 1980-களிலும் 1990-களிலும் நாடா வாங்கினார்கள். 1999-ல் 'த ஃபைவ் டாக்டர்ஸ்' கதையோடு டி.வி.டி. வட்டுகள் வர ஆரம்பித்தன. நாடாவை மூட்டை கட்டிவிட்டு வட்டு வாங்கினார்கள். 2018 முதல் ஒரு பருவத்துக்கு ஒரு பெட்டி வீதம் புளூரே வட்டுகள் வரத் தொடங்கின, மறுபடியும் வாங்கினார்கள். ஒரே கதைக்கு மூன்று முறை பணம்! வியாபாரத்தின் சாமர்த்தியம் என்று கோபிக்கலாம். ஆயினும், பிலிமின் கீறல்களை ஒவ்வொன்றாக நீக்குவதற்கும், பழைய வீடியோவுக்கே உரிய வழுவழுப்பான அசைவைப் பிலிம் பிரதியிலிருந்து திரும்ப வரவழைப்பதற்கும், நடித்தவர்களையும் எழுதியவர்களையும் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்து நினைவுகளைப் பேசச் செய்து சேர்ப்பதற்கும் ஆன செலவு, அந்த விற்பனையை நம்பித்தான் செய்யப்பட்டது. வாங்குவோர் இல்லையென்றால் இவற்றில் எதுவும் நடந்திராது.

2023 நவம்பரில் தொடருக்கு 60 வயது நிறைந்தது. நாடா, வட்டு என்று வாங்கி அலமாரியை நிரப்ப வேண்டியதில்லை, பழைய தொடர் முழுவதையும் இன்டர்நெட் வழியே வேண்டும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று பி.பி.சி. ஏற்பாடு செய்தது. நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் ஒரே நாளில் அங்கே வந்து சேர்ந்தன. ஆனால், முதற்கதை மட்டும் அந்த வரிசையில் இல்லை! கதை எழுதியவரின் வாரிசுக்கும் பி.பி.சி.க்கும் உரிமை சம்பந்தமாக உடன்பாடு ஏற்படாததே காரணம். 1963 நவம்பரில் 24 வயது வாரிஸ் ஹுசேன் டைரக்ட் செய்த அதே நாலு அத்தியாயங்கள் அவை. அந்தப் பிறந்த நாளில் தொடரின் ஆரம்பத்தைக் காண விரும்பியவர்களில், 2006-ல் வெளிவந்த டி.வி.டி. பெட்டியை வாங்கி வைத்திருந்தவர்கள் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்க முடிந்தது.